யானை விருது தரங்கம்பாடியில் பிறந்ததல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழில் தரங்கம்பாடி பற்றி வந்த கட்டுரையை மகள் அனுப்பிவைத்தாள். கோட்டையைப் பற்றியும் கடற்கரைத் தேவாலயங்களைப் பற்றியும் நன்றாக எழுதியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையின் நடுவே, தரங்கம்பாடியில் தம் ஆட்கள் கண்ட யானைகளின் நினைவாகவே டென்மார்க் மன்னர் தம் நாட்டின் அதியுயர் விருதுக்கு யானை உருவத்தைத் தெரிந்தெடுத்தார் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். இங்கே வந்துபோகும் நம்மவர் பலரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். அச்சில் வந்துவிட்டால் அதுவே வரலாறாகிவிடும்.

நான் வசிப்பது டென்மார்க்கில் ஹில்லெரோட் என்ற ஊரில். இந்த விருதைப் பெற்றவர்களின் கேடயங்கள் தொங்கும் ஃபிரெடெரிக்ஸ்போர்க் அரண்மனை எங்கள் ஊரின் ஏரிக்குள் நிற்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். ஆகவே இது எனக்குப் பழகிய விஷயம்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். டெனிஷ்காரர் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைப் பெற்றது 1620 நவம்பரில். யானை விருதின் வேரோ 15ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. முதலாம் கிறிஸ்டியான் என்ற மன்னர் கன்னி மரியாளின் பெயரில் ஒரு பக்திச் சங்கம் வைத்திருந்தார். பிரபுக்கள் மட்டுமே சேரக்கூடிய சங்கம், அதிலும் 50 பேருக்குத்தான் இடம். 1474இல் மன்னர் ரோமாபுரிக்கு யாத்திரை போனபோது பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் அந்தச் சங்கத்துக்கு ஒப்புதல் அளித்தார். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கான அனுமதியும் அந்தப் பயணத்தின் பலனாகவே அடுத்த ஆண்டில் கிடைத்தது. சங்கத்தார் கழுத்தில் அணிந்த ஆரத்தின் கண்ணிகள் யானை வடிவிலேயே செய்யப்பட்டிருந்தன. அந்த ஆரத்திலிருந்து பிறைநிலவுக்குள் குழந்தையை ஏந்திய மரியாளின் உருவம் தொங்கியது. ஆக, தரங்கம்பாடிக்கு 146 ஆண்டுகள் முன்பே டென்மார்க் அரசவையில் யானை இருந்திருக்கிறது. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்ததே 1498இல்தான். ஐரோப்பியக் கப்பல் ஒன்றும் நம் கடலுக்கு வராத காலத்து யானை அது.

சங்கத்தின் ஆலயமாக இருந்தது ரோஸ்கில்ட பேராலயத்தில் கிறிஸ்டியான் கட்டுவித்த மூவரசர் சிற்றாலயம். அவரும் அரசி டொரொத்தேயாவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு கல்தூண் இருக்கிறது. அரச குடும்பத்தாரின் உயரங்களை அதில் கோடிட்டுக் குறித்திருக்கிறார்கள். கிறிஸ்டியானுக்கு 219.5 சென்ரிமீற்றர் என்று குறி இருக்கிறது. பிற்காலத்தில் எலும்புகளை அளந்தபோது 188 என்று தெரியவந்தது. அதுவே நல்ல உயரம்தான். கல்லில் வெட்டியிருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

அப்படியானால் யானை எங்கிருந்து வந்தது? மத்திய கால ஐரோப்பாவில் மிருகங்களைப் பற்றிய ஏடுகள் இருந்தன. ஒவ்வொரு மிருகத்துக்கும் அவற்றில் ஒரு சமயப் பொருள் சொல்லப்பட்டிருக்கும். யானை கற்புக்கும் தூய்மைக்கும் அடையாளம். எழுதியவர்களும் படம் வரைந்தவர்களும் பெரும்பாலும் யானையைக் கண்டதே இல்லை. அதன் முதுகில் வீரர் நிற்கும் ஒரு கோபுரத்தையும் வைத்து வரைந்தார்கள். அந்தக் கோபுரம் பழைய கிரேக்க, ரோமானிய நூல்கள் வழியாக வந்த போர்யானையின் நினைவு. அலெக்சாந்தரின் படை ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னனின் யானைகளை எதிர்கொண்டது கி.மு. 326இல். இந்தியாவோடு ஒரு தொடர்பு வேண்டும் என்பவர்கள் அங்கே தேடலாம். அது வெகு தூரத்துத் தொடர்பு, வழியில் பல கைகள் மாறிய தொடர்பு. தரங்கம்பாடி அந்த வழியில் இல்லை. சிலுவைப் போரில் டெனிஷ் வீரன் ஒருவன் யானையைக் கொன்றதன் நினைவே இந்தச் சின்னம் என்று ஒரு கதையும் இங்கே உண்டு. அது பின்னாளில் கட்டப்பட்ட கதை. தன் விருதுக்கு ஒரு வீரக்கதை வேண்டும் என்று எந்த நாட்டாரும் ஆசைப்படுவார்கள் போலும்.

1536இல் டென்மார்க் லூத்தர் வழிக்கு மாறியதும் மரியாளின் சங்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. சங்கம் போனது, யானை மட்டும் தங்கிவிட்டது. இரண்டாம் ஃபிரெடெரிக் தமக்கு வேண்டியவர்களுக்குப் பொற்சங்கிலியில் யானைப் பதக்கம் கோத்துப் பரிசளித்தார். அதைப் பெற்றவர்களில் ஒருவர் வானியலாளர் டைக்கோ பிராஹே. தொலைநோக்கி வருவதற்கு முன்பே வெறும் கண்ணால் விண்மீன்களை அவ்வளவு துல்லியமாக அளந்தவர். மன்னர் அவருக்கு 1576இல் ஹ்வேன் தீவையே கொடுத்து ஆய்வுக்கூடம் கட்ட உதவினார். டைக்கோவின் படங்களை உற்றுப் பாருங்கள், மார்பில் அந்த யானை தொங்கும். இந்த விருதின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. வாளெடுத்துப் போர் செய்தவருக்கு மட்டும் என்றிராமல், இரவெல்லாம் வானத்தைப் பார்த்துக் கணக்கெழுதிய ஒருவரும் யானையை அணிந்திருக்கிறார்.

இன்றைய வடிவத்தை நிலைநிறுத்தியவர் ஐந்தாம் கிறிஸ்டியான். 1693 டிசம்பர் 1ஆம் நாள் அவர் எழுதுவித்த விதிகளின்படி விருதின் தலைவர் மன்னர். அவருடைய புதல்வர்களைத் தவிர 30 பேர் மட்டுமே உறுப்பினராகலாம். ஒரே வகுப்புத்தான், முதல்தரம் இரண்டாம்தரம் என்ற பிரிவு கிடையாது. உயர்ந்த உள்ளத்துக்கு உரிய பரிசு என்ற பொருளில் இலத்தீன் வாசகம் ஒன்றும் அதற்கு உண்டு. பெண்களும் உறுப்பினராகலாம் என்று விதிகள் 1958இல் திருத்தப்பட்டன.

பதக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தகப்பனார் யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் நகைத்தொழில் செய்தவர். அட்டியலும் பதக்கமும் அவர் கையில் உருவாவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கோப்பன்ஹேகன் ரோசன்போர்க் மாளிகையின் நிலவறையில் அரச கிரீடங்களோடு பழைய யானைப் பதக்கங்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அங்கே போனால் கிரீடங்களைவிட யானைகளுக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நிற்பேன். உயரம் ஐந்து சென்ரிமீற்றர் அளவு. உள்ளே தங்கம், வெளியே வெள்ளை எனாமல். முதுகில் நீலத் துணி, அதன்மேல் இளஞ்சிவப்புக் கல்லால் கட்டியதுபோன்ற ஒரு காவற்கோபுரம். கோபுரத்தின் அடியிலும் உச்சியிலும் சிறு வைரங்கள் வரிசையாகப் பதித்திருக்கும். யானையின் வலப்பக்கத்தில் மேற்புறம் தட்டையாகத் தீட்டிய ஐந்து பெரிய வைரங்களால் ஆன சிலுவை. இடப்பக்கத்தில், பதக்கம் செய்யப்பட்ட காலத்தில் ஆண்ட மன்னரின் பெயர் எழுத்துகள். அந்த எழுத்தைப் பார்த்தே எந்த யானை யார் காலத்தது என்று சொல்லிவிடலாம்.

தட்டையான தகட்டில் எனாமல் இடுவது ஒன்று. நாலு கால், தும்பிக்கை, காது என்று எல்லாப் பக்கமும் வளைந்த உருவத்தில் இடுவது வேறு. எனாமல் என்பது கண்ணாடித் தூள். அதைப் பூசிச் சூளையில் வைத்தால் உருகித் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். சூடு கூடினால் வழியும், அவசரமாக ஆறினால் வெடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு சூடு. வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு, யானைமேல் இருக்கும் பாகனின் கறுப்பு நிறம் எல்லாம் ஒரே உருவத்தில் சுத்தமாக வந்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இந்த வேலை மிக்கெல்சன் என்ற அரச நகைக்காரர் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் இதைச் செய்த பத்தர்களின் பெயர்களைக் கேட்டு வருவோர் மிகக் குறைவு. அணிந்தவர்களின் பட்டியலை எல்லோரும் தேடுகிறார்கள்.

யானையின் கழுத்தில் கறுப்பு நிறப் பாகன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் அங்குசம் இல்லை, பொன்னாலான நீண்ட கோல் ஒன்று இருக்கிறது. கட்டுரையில் சொன்னதுபோல இது தரங்கம்பாடியில் கண்ட காட்சியாக இருந்திருந்தால் அந்தக் கையில் கோலா இருந்திருக்கும்? அங்குசத்தைக் கண்ட எவரும் அதை விட்டுவிட மாட்டார்கள். இது நேரில் கண்டு செய்த யானை அல்ல, ஏடுகள் வழியாகக் கேட்டுச் செய்த யானை. இதை என் ஊகமாகவே சொல்கிறேன், ஆனால் ஆண்டுக் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது.

இனி எங்கள் ஊர் அரண்மனைக்கு வருகிறேன். ஃபிரெடெரிக்ஸ்போர்க்கைக் கட்டியவர் நான்காம் கிறிஸ்டியான், தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய அதே மன்னர். 1859இல் அரண்மனை தீப்பிடித்துப் பெரும்பகுதி அழிந்தபோதும் அதிலுள்ள தேவாலயம் தப்பிவிட்டது. 1693 முதல் அதுவே விருதாளர்களின் ஆலயம். மேல்மாடச் சுவர்களில் அவர்களுடைய கேடயங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. விருது பெறும் ஒவ்வொருவரின் குலச்சின்னமும் கேடயமாகத் தீட்டப்படுவது வழக்கம். அரச குடும்பத்தாருக்கு அது பரம்பரையாக இருக்கும். குலச்சின்னமே இல்லாதவர்கள் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஜெர்மானியரை வென்ற நேச நாட்டுப் படைகளின் தளபதி ஐசன்ஹோவருக்கு 1945இல் விருது கிடைத்தது. அவருடைய கேடயத்தில் நீலப் பட்டடைக்கல் ஒன்று இருக்கிறது. இரும்படிப்பவர்கள் என்ற அவருடைய குடும்பப் பெயரின் பொருளை ஒட்டி வரைந்தது. கொல்லன் பட்டறையில் கிடக்கும் கல் அரசர்களின் சிங்கங்களுக்கும் கழுகுகளுக்கும் நடுவே தொங்குவதைப் பார்க்கும்போது, கன்னாதிட்டியில் வளர்ந்த எனக்கு மனம் நிறைகிறது. பெரிய ஆட்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். சேர்ச்சிலுக்கு 1950இலும் நெல்சன் மண்டேலாவுக்கு 1996இலும் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும்விட நான் விருந்தினரை நிறுத்திக் காட்டுவது இயற்பியலாளர் நீல்ஸ் போரின் கேடயத்தை. அரச குடும்பமும் இல்லை, நாட்டுத் தலைவரும் இல்லை. அணுவின் அமைப்பை விளக்கியவர். நாசிகள் டென்மார்க்கைப் பிடித்திருந்த காலத்தில், 1943இல், யூதர்களைக் கைதுசெய்யப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கடல்கடந்து சுவீடனுக்குத் தப்பிச் சென்றவர். 1947இல் விருது வந்தபோது தம் கேடயத்தின் நடுவில் சீனர்களின் யின்–யாங் வட்டத்தை வைத்துக்கொண்டார். எதிரெதிரானவை ஒன்றையொன்று நிறைவாக்கும் என்று இலத்தீனில் ஒரு வாசகமும் சேர்த்தார். அது அவர் இயற்பியலில் கண்ட கொள்கை. ஒளி அலையாகவும் துகளாகவும் இருக்கிறதே, இரண்டு பார்வையும் சேர்ந்தால்தான் முழுமை என்பது. என் பெறாமகள் ஒருத்தி பௌதிகம் படிப்பவள். அவள் அந்தக் கேடயத்தின் முன்னால் நின்று எனக்கு இதை விளங்கப்படுத்தினாள். டைக்கோவுக்குக் கொடுத்த யானை 300 ஆண்டுகளுக்கு மேல் கழித்து இன்னோர் அறிவாளியிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த விருதின் வரலாறு முழுவதும் பெருமை என்று நான் சொல்லவரவில்லை. வந்துபோகும் நாட்டுத் தலைவர்களுக்கு மரியாதைக்காகக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தில்தான் ருமேனியாவின் சர்வாதிகாரி சௌஷெஸ்கு 1980இல் டென்மார்க்குக்கு வந்தபோது அவருக்கும் யானை போயிற்று. அவருடைய ஆட்சியில் சனங்கள் பட்ட பாட்டை உலகம் அப்போதே அறிந்திருந்தது. 1989 டிசம்பரில் மக்கள் எழுந்தார்கள். டிசம்பர் 23ஆம் நாள் டென்மார்க் அவருடைய விருதைப் பறித்தது. இரண்டு நாள் கழித்து அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பறித்தது சரி. கொடுத்ததே தவறு என்பது என் எண்ணம், இதை டெனிஷ் நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். உயர்ந்த உள்ளத்துக்கு உரிய பரிசு என்று விதியில் எழுதிவிட்டு, விருந்தாளியாக வந்தவர் என்பதற்காகக் கொடுப்பது அந்த விதிக்கே அவமரியாதை.

இன்னொரு விதி எனக்குப் பிடித்தது. பெற்றவர் இறந்தால் பதக்கத்தையும் ஆரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பிள்ளைகளுக்குச் சொத்தாக வைத்துப் போக முடியாது. வாழ்ந்தவருக்கு மட்டுமே உரிய மரியாதை அது.

தரங்கம்பாடிக்கும் இந்த விருதுக்கும் தொடர்பே இல்லையா என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். உண்மையான தொடர்பு உண்டு. அது யானையில் இல்லை, அணிந்தவர்களிடம் இருக்கிறது. 1618இல் புறப்பட்ட டெனிஷ் கப்பல்கள் முதலில் நோக்கி வந்தது எங்கள் இலங்கையை. ஓவே யெத்தே என்ற இளம் தளபதி திருகோணமலையில் இறங்கி, கண்டி அரசர் செனரத்தோடு பேசி, காரியம் கைகூடாமல் போனது. அதன் பிறகே தஞ்சாவூர்க் கரை. ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதுவித்து நான்காம் கிறிஸ்டியானுக்கு அனுப்பிய மடல் இன்றும் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706இல் லூத்தரன் மதபோதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியது மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பித்தான். அந்த மன்னரும் யானை விருதின் தலைவர். 1807இல் பிரித்தானியர் கோப்பன்ஹேகனைக் குண்டுவீசி எரித்ததும் டென்மார்க் நெப்போலியன் பக்கம் சாய்ந்தது. 1808இல் நெப்போலியனுக்கு யானை விருது போயிற்று. அதே 1808இல் பிரித்தானியர் தரங்கம்பாடியைப் பிடித்துக்கொண்டு 1815 வரை வைத்திருந்தார்கள். கோப்பன்ஹேகனில் மாறிய அரசியல் நட்பின் விலையைத் தரங்கம்பாடியும் கொடுத்தது. கடைசியில் 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்குக் கிழக்கிந்தியக் கம்பனியிடம் விற்றவர் எட்டாம் கிறிஸ்டியான். அவர் மார்பிலும் அந்த யானை இருந்தது.

ஊரைப் பெற்ற மன்னரும் விற்ற மன்னரும் ஒரே சின்னத்தை அணிந்தவர்கள். அதை எழுதினால் வாசகர்களுக்கு அது பயன்படும். நம் யானையைப் பார்த்து அவர்கள் விருது செய்தார்கள் என்று எழுதுவது காதுக்கு இனிமையாக இருக்கலாம், ஆனால் நம் பிள்ளைகள் அதை ஒரு டெனிஷ் ஆசிரியரிடம் சொன்னால் அவர் 1474 என்று ஒரு ஆண்டைச் சொல்லி முடித்துவிடுவார். பிள்ளை வெட்கப்பட்டு நிற்கும். அந்த நிலை எங்கள் பிள்ளைகளுக்கு வரக்கூடாது. தரங்கம்பாடிக்குப் பெருமை சேர்க்க அங்கே அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடு ஒன்றே போதும், கடன்வாங்கிய பெருமை தேவையில்லை.

ஆகவே அடுத்த ஞாயிறு இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விருதின் தொடக்கம் 15ஆம் நூற்றாண்டு, முதலாம் கிறிஸ்டியான் காலம், இன்றைய விதிகள் 1693 என்ற மூன்று தகவலும் இருந்தால் போதும். கட்டுரையாளர் விரும்பினால் ஃபிரெடெரிக்ஸ்போர்க் கேடயங்களைப் பற்றித் தனியாக எழுதலாம். விளக்கம் தேவைப்பட்டால் நான் உதவத் தயார். டென்மார்க்குக்கு வரும் வாசகர்களும் பார்க்கலாம். கோப்பன்ஹேகனிலிருந்து ஹில்லெரோட்டுக்கு நகரப் புகையிரதத்தில் ஏறக்குறைய 40 நிமிடம், நிலையத்திலிருந்து அரண்மனைக்கு நடந்தே வரலாம். தேவாலயத்துக்குள் நுழைந்ததும் மேல்மாடத்துக்கு ஏறிவிடுங்கள், கேடயங்கள் அங்கேதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஹில்லெரோட், டென்மார்க்.